எலும்பு பிடிக்க மூன்று மாதம்

சும்மா இரு என்று அன்ஸாரிடம் சொல்வதும் சுவரிடம் சொல்வதும் ஒன்றுதான். சுவராவது சும்மா இருக்கும். இந்த மனிதனைப் பிடித்து, காதுக்குப் பின்னால் மண்டையோட்டில் ஒரு திருகாணியைப் பூட்டி, மூன்று மாதம் அதில் கை வைக்காதே என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள் டாக்டர்கள். பெரிய படிப்புப் படித்தவர்கள்தான். ஆளைப் பார்த்து மருந்து கொடுக்கிற வித்தை மட்டும் அவர்களுக்குக் கைவரவில்லை.

அன்ஸார் கிண்ணியாவுக்குப் பக்கத்தில் குறிஞ்சாக்கேணியில் எஞ்சின் திருத்துகிறவன். உப்புநீர்க் களப்பைப் பார்த்தபடி ஒரு தகரக் கொட்டில், அதன் பின்னால் வீடு. வள்ளத்து எஞ்சின், வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற பம்ப், லேண்ட்மாஸ்டர் உழவு மெஷின், பள்ளிவாசல் ஜெனரேட்டர், எது படுத்துக்கொண்டாலும் அங்கேதான் கொண்டுவருவார்கள். அப்போது அவனுக்கு நாற்பத்து நாலு வயது. இரண்டு காதும் கேட்காது.

சின்ன வயதிலிருந்தே காதில் சீழ் வடிகிற வருத்தம் அவனுக்கு இருந்தது. தொண்ணூற்றாறாம் ஆண்டு, கந்தளாய்ப் பக்கம் பஸ்ஸுக்கு நின்றபோது தெருவோரத்தில் குண்டு வெடித்தது. யார் வைத்தது, யாருக்கு வைத்தது என்பதை அவரவர் தமக்குப் பிடித்தபடி கதைத்துக்கொண்டார்கள். அன்ஸார் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு நின்றான். கை கால் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. சுற்றி நின்ற சனம் மட்டும் சத்தமில்லாமல் வாயை அசைத்தது. செவிப்பறை இரண்டும் கிழிந்திருந்தன. பிறகு காதுக்குள் செருகுகிற கருவி ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். செருகிய மூன்றாம் நாளே சீழ் பொங்கிக்கொண்டு வந்தது, கருவி அலுமாரிக்குள் போனது.

செவிட்டு மெக்கானிக்கிடம் யார் எஞ்சினைக் கொண்டுபோவார் என்று ஊர் நினைத்தது. ஆனால் அவன் முன்னைவிட நன்றாகத்தான் திருத்தினான். முழநீள ஸ்க்ரூ ட்ரைவர் ஒன்று அவனிடம் இருந்தது. அதன் இரும்பு நுனியை ஓடுகிற எஞ்சினில் ஊன்றி, மரப்பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்துவான். மற்ற மெக்கானிக்குகள் பிடியைக் காதில் வைத்துக் கேட்பார்கள், இவன் எலும்பில் வைத்தான், அவ்வளவுதான் வித்தியாசம். பேரிங்கின் கரகரப்பு, வால்வின் டிக்டிக், எல்லாம் போர்வைக்குள் இருந்து வருகிற மாதிரி மெதுவாகக் கேட்கும். பார்க்கிறவர்கள் அவன் அதிர்வைத் தொட்டு அறிகிறான் என்று நினைத்தார்கள். கைராசிக்காரன் என்று பெயரும் வந்தது. நல்ல பெயரை யார்தான் திருத்தப் போவார்கள், அன்ஸாரும் பேசாமல் இருந்துவிட்டான். பெண்சாதி ஸல்ஹாவுக்குக்கூடச் சொல்லவில்லை.

ஸல்ஹா ஒரு காலத்தில் வாய் ஓயாதவள். குசினிக்குள் இருந்து தொடங்குகிற கதை கிணற்றடிக்குப் போய், கோழிக்கூட்டைச் சுற்றி, திரும்பிக் கொட்டிலுக்கு வந்து சேரும். காது போன பிறகு முதல் ஒரு வருஷம் தொண்டை கிழியக் கத்திப் பார்த்தாள். பயனில்லை. பிறகு ஒரு கொப்பியில் எழுதிக் காட்டினாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள், ஒரு வரி எழுதுவதற்குள் அடுப்பில் சோறு கரிந்துவிடும். கடைசியில் எல்லாம் ஏழெட்டுச் சைகையாகச் சுருங்கிப் போயிற்று. சாப்பாடு, தொழுகை, ஆள் வந்திருக்கு, வேலியடியில் ஆமி. இவ்வளவு போதும் என்று அந்த வீடு பத்து வருஷம் ஓடியது.

சோதனைச் சாவடிதான் அவளுடைய தீராத பயம். ஒருமுறை கிண்ணியாத் துறையடியில், பாதை என்று ஊர் சொல்கிற அந்த மிதவைப் படகை விட்டு இறங்கி அன்ஸார் தன் பாட்டில் நடந்தான். பின்னால் நேவிக்காரன் நில் என்று சிங்களத்தில் கத்தினான். இவன் நடந்தான். இரண்டாம் தரம் கத்தியபோது துவக்கு நிமிர்ந்தது. ஸல்ஹா கையிலிருந்த பையைப் போட்டுவிட்டு, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே ஓடினாள். அன்றிலிருந்து அவள் இல்லாமல் அவன் எங்கும் போனதில்லை. டவுனுக்குச் சாமான் எடுக்கப் போனாலும் கூட வருவாள், முடிவெட்டப் போனாலும் வெளியே நிற்பாள். அது அவனுக்கு எரிச்சல். ஆனால் மறுத்துப் பேசவும் வழியில்லை, உண்மை அவள் பக்கம் இருந்தது.

சுனாமிக்குப் பிறகு வெளிநாட்டு டாக்டர்கள் முகாம் முகாமாக வந்தார்கள். காது மூக்குக்காரரும் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டதும் ஸல்ஹா கணவனைச் சட்டையோடு இழுத்துக்கொண்டு போய் வரிசையில் நிறுத்தினாள். வெள்ளைக்கார டாக்டருக்கு ஒத்தாசையாக இரத்தினசிங்கம் என்று ஒரு தமிழ் டாக்டர் இருந்தார். அவர் கவைபோல இருந்த ஒரு இரும்பைத் தட்டி, அதன் காம்பை அன்ஸாரின் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தார். கேட்குது என்று அன்ஸார் கையை உயர்த்தினான். டாக்டர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அன்ஸாரும் உள்ளுக்குள் சிரித்தான். இதைத்தானே நான் கொட்டிலில் தினமும் செய்கிறேன், இதற்கா இத்தனை படிப்பு என்று நினைத்துக்கொண்டான்.

"பாலம்தான் உடைஞ்சிருக்கு, ஊர் உடையேல்லை," என்று இரத்தினசிங்கம் ஸல்ஹாவுக்கு விளங்கப்படுத்தினார். "உட்செவி நல்லா இருக்கு. சத்தம் அங்க போற வழிதான் போச்சு. அந்த வழியை விட்டிட்டு எலும்பு வழியாப் போவம். மண்டையோட்டில சின்ன ஆணி ஒண்டு பூட்டுறது. அது எலும்போட ஒட்டினாப் பிறகு, அதில ஒரு கருவியைக் கொழுவிவிட்டால் நீங்கள் கதைக்கிறது அவருக்குக் கேக்கும்."

"ஆணி எலும்போட ஒட்டுமா டொக்டர்," என்று ஸல்ஹா கேட்டாள்.

"இது டைட்டேனியம் எண்டு ஒரு உலோகம். மற்ற இரும்பை எலும்பு அந்நியன் எண்டு தள்ளி வைக்கும். இதைத் தன்ர ஆள் எண்டு நினைச்சு நெருங்கி வந்து வளர்ந்து பிடிக்கும். முகத்தில, கண்ணைச் சுத்தி எண்டால் எலும்பு மெல்லிசு, சில பேருக்குப் பிடிக்காது. காதுக்குப் பின்னால நல்ல தடிப்பு. நூறு பேரில தொண்ணூத்தஞ்சு பேருக்குப் பிடிக்கும்."

"மத்த அஞ்சு பேருக்கு?"

"அதுக்குத்தான் சொல்லுறன். மூண்டு மாதம் அது அசையக் கூடாது. அசைஞ்சால் எலும்பு வரவேண்டிய இடத்தில சதை வந்திடும். சதைக்குப் பிடி இல்லை."

இதையே கொப்பியில் பெரிய எழுத்தில் அன்ஸாருக்கும் எழுதிக் காட்டினார். அன்ஸார் அதைப் படித்துத் தலையாட்டினான். எந்த எஞ்சினிலும் போல்ட்டைக் கழற்றிவிடுவது அதிர்வுதான் என்பது அவனுக்குத் தெரியாததா.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு தை மாதக் கடைசியில், கண்டியில் ஓர் ஆஸ்பத்திரியில் வைத்து ஆணியைப் பூட்டினார்கள். அதே கிழமை சாம்பல்தீவிலிருந்து அன்னலட்சுமி என்று ஓர் அம்மாவும் வந்திருந்தார். ஷெல் துண்டு பட்டு ஒரு கண்ணும் அதைச் சுற்றிய சதையும் போனவர். கண்குழியைச் சுற்றி மூன்று ஆணி வைத்து, ஒட்டிய பிறகு அதில் செயற்கைக் கண்ணும் இமையும் பொருத்துவதாக ஏற்பாடு. மெல்லிய எலும்பு என்பதால் அவருக்கு ஆறு மாதம் சொன்னார்கள், பிடிக்குமா என்பதும் சந்தேகம் என்றார்கள். அவரும் ஸல்ஹாவும் நாலு நாளில் அக்கா தங்கை ஆகிவிட்டார்கள். இடையில் ஒருமுறை படம் எடுத்துப் பார்க்க அன்னலட்சுமியும் சேர, வைகாசி முதல் கிழமை எல்லோரும் திரும்பி வரவேண்டும், வெளிநாட்டு டாக்டரும் அப்போது கருவியோடு வருவார் என்று தேதி குறித்துக் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஸல்ஹா ஆணிக்குக் காவல் இருந்தாள். தோலுக்கு வெளியே கடலை அளவில் அதன் தலை தெரிந்தது. காலையில் மெல்லிய பிரஷ்ஷால் அவளே சுற்றிவரத் துடைப்பாள், அவன் கையை உயர்த்தினால் தட்டிவிடுவாள். தொப்பியைத் தளர்த்தித் தைத்துக் கொடுத்தாள். எலும்புக்குப் பலம் என்று யாரோ சொன்னதெல்லாம் கறியாகியது. முருங்கையிலை, முள்ளோடு நெத்தலி, மாட்டெலும்பு சூப். கலண்டரில் ஒவ்வொரு நாளையும் கோடு போட்டு வெட்டினாள். மூன்று மாதம் முடிந்தால் நில் என்று யாராவது கத்துவது இந்த மனிதனுக்குக் கேட்கும். அதற்குப் பிறகு அவன் தனியே எங்கே போனாலும் போகட்டும் என்று இருந்தாள்.

அன்ஸாருக்கு இருப்புக்கொள்ளவில்லை. கொட்டிலுக்குப் போகக் கூடாது என்று அவள் கதவுக்குக் குறுக்கே கதிரையைப் போட்டிருந்தாள். வாசலுக்கும் வேலிக்கும் நடந்தான். வேலிக்கும் களப்புக்கும் நடந்தான். கைகள் சும்மா தொங்குவது அவனுக்குப் பெரிய பாரமாக இருந்தது. வீட்டுக் கதவுப் பிணைச்சல் எல்லாவற்றையும் கழற்றி எண்ணெய் போட்டுப் பூட்டினான். அது ஒரு காலையில் முடிந்துவிட்டது. குசினியில் ஓட்டைச் சட்டிக்கு ஈயம் வைத்தான். பிறகு ஸல்ஹாவின் தையல் மெஷினைக் குறிவைத்தான், அவள் அதன் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

ஒருநாள் டவுனுக்குப் போகிற வழியில், துறையடிச் சாவடியில் சோதனைக் கருவியை அவன் தலைக்குக் கிட்டக் கொண்டுவந்த நேவிக்காரன் சட்டென்று பின்வாங்கினான். கருவி கத்தியிருக்க வேண்டும். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் விலகினார்கள். ஸல்ஹா பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்த ஆஸ்பத்திரிக் கடிதத்தை மூன்று மொழியும் தெரிய விரித்துப் பிடித்தாள். நேவிக்காரன் படித்துவிட்டுத் தொப்பியை விலக்கிப் பார்த்தான், பிறகு தன் சிநேகிதனையும் கூப்பிட்டுக் காட்டினான். அவர்கள் வேடிக்கை பார்த்து முடியும் வரை அன்ஸார் வெயிலில் குனிந்து நின்றான்.

நாற்பதாம் நாளோ என்னவோ, அலியார் வந்தார். ஆழ்கடலுக்குப் போகிற பெரிய வள்ளம் அவருடையது. உள்ளே ஒரு தட்டல் கேட்கிறது, மூன்று மெக்கானிக் பார்த்தும் பிடிபடவில்லை, வந்து பார் என்று கொப்பியில் எழுதிக் காட்டி, அன்ஸாரின் கையைப் பிடித்தார். ஸல்ஹா முகத்தைச் சுளித்தாள். தொடமாட்டேன், பார்க்க மட்டும் செய்கிறேன் என்று அன்ஸார் சத்தியம் செய்தான். அவள் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு கரை வரை வந்தாள், வள்ளத்துக்குள் இறங்கவில்லை.

எஞ்சின் அறைக்குள் குனிந்தபோது அவன் ஒழுங்காகத்தான் தொடங்கினான். ஸ்க்ரூ ட்ரைவரின் பிடியை வலது பக்கத்து எலும்பில் வைத்தான், ஆணி இருந்தது இடது பக்கம். போர்வைச் சத்தம் வந்தது. தட்டல் எங்கோ இருக்கிறது, எங்கே என்று தெரியவில்லை. இடம் போதாமல் திரும்பினான். திரும்பிய வாக்கில் மரப்பிடி இடது பக்கம் உரசி, ஆணியின் தலையில் போய் நின்றது.

போர்வை இல்லை. எஞ்சினுக்குள்ளேயே தலையை வைத்த மாதிரி, ஒவ்வொரு வால்வும் தனித்தனியே திறந்து மூடுவது கேட்டது. டீசல் பீச்சுகிற சீறல், தண்ணீர் பம்பின் முனகல், அச்சு சுற்றுகிற மெல்லிய இரைச்சல் எல்லாம் தெளிவாக, பக்கத்தில், பத்து வருஷத்துக்கு முன்பு கேட்ட அதே சத்தங்கள். இரண்டாம் சிலிண்டரின் அடியில் இருந்தது தட்டல், ஒரு சின்னப் பின் தேய்ந்திருந்தது. அதைக் கண்டுபிடித்த பிறகும் அவன் பிடியை எடுக்கவில்லை. அலியார் தோளைத் தொட்டபோது அன்ஸாரின் முகமெல்லாம் நனைந்திருந்தது. சூடு என்று கையால் காட்டிச் சமாளித்தான்.

ஒரு தரம்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அந்த ஒரு தரம் எத்தனை தரமாயிற்று என்று அவனுக்கே தெரியாது. மறுநாள் கிணற்றடிப் பம்ப். அதற்கு மறுநாள் பள்ளிவாசல் ஜெனரேட்டர், மின்சாரம் இருந்த நேரத்திலேயே அதை ஓடவிட்டுப் பார்த்தான். ஸல்ஹா சந்தைக்குப் போகிற அரைமணிக்காகக் கதவடியில் காத்திருந்து, அவள் தலை மறைந்ததும் கொட்டிலுக்குள் பாய்வான். எஞ்சின் ஒன்றும் இல்லாவிட்டால் இரும்புக் குழாயில் நுனியை ஊன்றி நகத்தால் தட்டுவான். திருட்டுப் பால் குடிக்கிற பூனை மாதிரி அவள் வருகிற வாசலையே பார்த்துக்கொண்டு கேட்பான். கூடவே தொழில் புத்தியும் சேர்ந்துகொண்டது. புதிதாகப் பூட்டிய எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, நட்டை ஒருமுறை இறுக்கிப் பார்க்காமல் எந்த மெக்கானிக்கும் ஆளிடம் திருப்பிக் கொடுக்கமாட்டான். குளிக்கும்போது அன்ஸாரின் விரல் தானாக ஆணிக்குப் போகும், இறுகியிருக்கிறதா என்று ஒரு சின்னத் திருப்புத் திருப்பும். கை பழகிய வேலை, புத்தியைக் கேட்டுவிட்டா செய்யும்.

இரண்டாம் மாதம் கழிந்த ஒரு காலையில், பம்ப்பின் சத்தத்தோடு வேறொரு சத்தமும் வந்தது. மெல்லிய கிலுகிலுப்பு. எஞ்சினை நிறுத்தினான், சத்தம் நின்றது. வேறு எஞ்சினில் வைத்தான், அங்கேயும் இருந்தது. மூன்றாவதில் வைத்தான், அங்கேயும் இருந்தது. தளர்ந்த போல்ட்டின் சத்தம் எப்படி இருக்கும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அது எஞ்சினில் இல்லை, தன் தலையில் இருக்கிறது என்பதை ஏற்றுக்கொள்ளத்தான் மூன்று எஞ்சின் தேவைப்பட்டது.

ஸ்க்ரூ ட்ரைவரைக் கொட்டில் கூரைக்குள் செருகிவிட்டு இறங்கினான். அதற்குப் பிறகு தொடவில்லை. இப்போதிருந்து சும்மா இருந்தால் எலும்பு மன்னித்துவிடும் என்று நம்பினான். படுத்தால் இடது பக்கம் சரியமாட்டான். தும்மல் வந்தால் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வான். ஆணியைச் சுற்றிக் கொஞ்சம் ஈரம் கசிந்தது. ஸல்ஹா துடைத்துவிட்டு, வெயில் என்று சைகை காட்டினாள். அவன் தலையாட்டினான்.

சித்திரையில் திருகோணமலை டவுனில் சந்தையடியில் குண்டு வெடித்தது, கடைகள் எரிந்தன, பாதைகள் மூடின. களப்புக்கு அப்பால் சம்பூர்ப் பக்கம் குண்டு விழுகிற அதிர்வை அன்ஸார் உள்ளங்காலால் உணர்ந்தான். பஸ் ஓடுமா, வெள்ளைக்கார டாக்டர் வருவாரா என்று ஸல்ஹா நாளுக்கு நாலு தரம் தெருவுக்குப் போய் விசாரித்தாள். டாக்டர் வராமல் விட்டால் நல்லது என்று அன்ஸார் நினைத்தான். நினைத்துவிட்டு வெட்கப்பட்டான். ஆனால் வைகாசி பிறந்து பஸ் ஓடியது, டாக்டரும் வந்தார். கந்தளாய் வழியாகக் கண்டி போய்ச் சேரும் வரை ஏழு சாவடியில் இறங்கி ஏறினார்கள். ஏழு இடத்திலும் ஸல்ஹா கடிதத்தை விரித்தாள். இதுதான் கடைசித் தரம் என்று அவள் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் முதலில் அன்னலட்சுமியைப் பார்த்தார்கள். படம் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த வெள்ளைக்கார டாக்டர் தன் கண்ணையே நம்பாதவர் போல இன்னொருமுறை பார்த்தார். மெல்லிய எலும்புதான், ஆனால் மூன்று ஆணியையும் அது சுற்றி வளைத்துப் பிடிக்கத் தொடங்கியிருந்தது.

"என்னக்கா செஞ்சீங்க," என்று ஸல்ஹா ஆசையோடு கேட்டாள்.

"நான் என்ன பிள்ளை செய்தனான். சும்மா இருந்தனான்," என்றார் அன்னலட்சுமி.

ஸல்ஹா அதைச் சைகையில் அன்ஸாருக்குச் சொன்னாள், இரண்டு கையையும் மடியில் வைத்துக் காட்டினாள். அவன் நிலத்தைப் பார்த்தான்.

அவனுடைய முறை வந்தது. டாக்டர் சின்னதொரு இரும்புக் கம்பியால் ஆணியின் தலையைத் தட்டினார். வெடித்த மண்சட்டியைத் தட்டிய மாதிரி ஒரு மந்தமான சத்தம் அன்ஸாரின் தலைக்குள் கேட்டது. டாக்டரின் முகம் மாறுவதற்கு முன்பே அவனுக்குத் தெரிந்துவிட்டது. பிறகு டாக்டர் இரண்டு விரலால் ஆணியைப் பிடித்தார், அது பேசாமல் சுழன்றது. எடுத்து ஒரு வெள்ளைத் தட்டில் வைத்தார்கள். அந்தச் சிறிய கருவி பெட்டியைவிட்டு வெளியே வரவே இல்லை.

வெள்ளைக்காரர் நீளமாக ஏதோ சொன்னார். இரத்தினசிங்கம் ஸல்ஹாவின் பக்கம் திரும்பினார். "எங்களுக்கு மெத்தக் கவலை அம்மா. ஓட்டை போடேக்க எலும்பு சூடாகியிருக்கலாம், அது எங்கட பிழை. இல்லாட்டி இவரின்ர எலும்பு அப்பிடி. காயம் ஆறினால் ஒரு விரல் தள்ளி வேற ஆணி வைக்கலாம். அடுத்த முறை இந்த டொக்டர்மார் வந்தால் பாப்பம். பாதை எப்பிடி இருக்குதோ தெரியாது."

ஸல்ஹா தட்டில் கிடந்த ஆணியைப் பார்த்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நீங்க கவலைப்படாதீங்க டொக்டர். ஒங்களால ஏலுமானதெல்லாம் செஞ்சீங்க. அல்லாஹ்ட நாட்டம்," என்றாள்.

அவள் என்ன சொன்னாள் என்று அன்ஸாருக்குக் கேட்கவில்லை. ஆனால் டாக்டரைத் தேற்றுகிறாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. சொல்லிவிடு என்று மனம் அடித்துக்கொண்டது. அவன் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். திரும்பி வருகிற ஏழு சாவடியிலும் அவள் இறங்கி, அவனுக்கு முன்னால் நடந்து, காது கேட்காது என்று தன் காதைத் தொட்டுக் காட்டிக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு இடத்திலும் அவனுக்குத் தன்னைப் பிடித்துக் கட்டி அடித்தால் நல்லது என்று இருந்தது.

மறுநாள் மத்தியானம் அவன் முன்னால் ஒரு பெரிய கோப்பையில் மாட்டெலும்பு சூப் வந்து அமர்ந்தது. ஸல்ஹா எலும்பைத் தொட்டுக் காட்டினாள், தன்னையே சுட்டிக் காட்டித் தலையைக் குனிந்தாள். நான்தான் போதாமல் தந்துவிட்டேன், இனிக் கூடத் தருகிறேன் என்பது அதன் பொருள். அதற்கு மேல் அன்ஸாரால் முடியவில்லை.

"எலும்புல பிழையில்ல," என்று சொன்னான். தன் குரல் எவ்வளவு பெரிது என்று அவனுக்குத் தெரியாது. வேலிக்கு அப்பால் நின்ற ஆடு ஓடியது. "நான்தான். நான்தான் கழட்டின."

அவளுக்கு விளங்கவில்லை. அவன் கையைப் பிடித்துக் கொட்டிலுக்குக் கூட்டிப் போனான். கூரைக்குள் இருந்து ஸ்க்ரூ ட்ரைவரை எடுத்தான், பம்ப்பை ஓடவிட்டான், நுனியை அதில் ஊன்றிப் பிடியை வலது எலும்பில் அழுத்திக் காட்டினான். அலியாரின் வள்ளத்தில் இருந்து தொடங்கி எல்லாவற்றையும் கொட்டினான். ஜெனரேட்டர், குழாய், குளிக்கும்போது திருப்பிப் பார்த்தது, கிலுகிலுப்பு, ஒன்றையும் மறைக்கவில்லை. ஸல்ஹா கவிழ்த்துப் போட்டிருந்த பெட்டியில் மெல்ல உட்கார்ந்தாள். பிறகு பம்ப்பைக் காட்டி, அவன் தலையைக் காட்டி, இது கேட்குதா என்று கேட்டாள்.

"ஓம். ஆணி இல்லாமலும் கேக்கும். மெதுவா."

எப்போதிருந்து என்று கையை விரித்தாள்.

அவன் பத்து விரலையும் காட்டினான்.

ஸல்ஹா எழுந்தாள். பம்ப்பை நிறுத்தினாள். அவன் கையிலிருந்து ஸ்க்ரூ ட்ரைவரைப் பிடுங்கினாள். குத்தப் போகிறாள் என்றுதான் அவன் நினைத்தான், குத்தட்டும் என்றும் நினைத்தான். அவள் இரும்பை முந்தானையால் இரண்டு தரம் அழுத்தித் துடைத்தாள். டீசல் நாற்றத்துக்கு மூக்கைச் சுளித்தாள். அவனைப் பெட்டியில் இருத்தி, தலையைச் சரித்து, மரப்பிடியை வலது காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்தினாள். மறுமுனையைத் தன் பல்லுக்கிடையில் வைத்துக் கடித்தாள்.

"கேக்குதா."

போர்வைக்குள் இருந்து வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பேசியதால் எழுத்து எல்லாம் நசிந்திருந்தது. அவன் ஞாபகத்தில் இருந்த குரலைவிடத் தடித்துப் போயிருந்தது, கொஞ்சம் வயதும் ஏறியிருந்தது. ஆனால் வேறு யாருடைய குரலும் இல்லை.

"ஓம்," என்றான்.

"நில் எண்டு ஒரு சொல்லு ஒங்கட தலைக்குள்ள போகட்டும் எண்டுதான் நான் கண்டிக்கும் கிண்ணியாவுக்கும் நடந்தன்," என்றாள் ஸல்ஹா. "பத்து வருசமா இந்தக் கம்பி இந்தக் கொட்டில்லதான் கிடந்திருக்கு. லேண்ட்மாஸ்டர் சொன்னதக் கேட்டிருக்கீங்க, பம்ப் சொன்னதக் கேட்டிருக்கீங்க. அலியார்ட வள்ளத்துக்காகத் தலையில இருந்த ஆணியையும் குடுத்திட்டீங்க. இந்த வளவுக்குள்ள நானும்தான் இருந்தன். ஒருநாள், ஒரேயொரு நாள், இதை என்ட கையில தந்து, நீ ஒரு வார்த்தை கதை எண்டு கேட்டீங்களா."

அவன் கேட்கவில்லை. வேண்டுமென்று விடவில்லை, அந்த எண்ணமே அவனுக்கு வந்ததில்லை. எஞ்சின் கேட்பது வேலை, மனிசர் பேசுவது கேட்பது காதின் காரியம் என்று இரண்டையும் வெவ்வேறு பெட்டியில் போட்டு வைத்திருந்தான். இவ்வளவு பெரிய மடையன் குறிஞ்சாக்கேணியில் இன்னொருவன் இருக்க ஏலாது என்று அவனுக்குத் தோன்றியது. வெட்கம் பிடுங்கித் தின்றது. அதற்கு நடுவிலும், அவள் இரும்பை வாயிலிருந்து எடுத்துவிடுவாளோ என்ற பயம்தான் பெரிதாக இருந்தது.

"ஏசு," என்றான். "இன்னும் ஏசு."

ஸல்ஹா கம்பியை எடுத்து, எண்ணெய்க் கசப்பைத் துப்பினாள். தாடை வலித்திருக்க வேண்டும், இரண்டு பக்கமும் தடவிவிட்டாள். அவனுக்கு எதிரே இன்னொரு பெட்டியை இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கம்பியைத் திரும்பக் கடித்து, பிடியை அவன் எலும்பில் அழுத்தினாள்.

"தொண்ணூத்தாறாம் வருசம், நீங்க ஆஸ்பத்திரியில கிடக்கக்குள்ள, ஒங்கட உம்மா வந்து என்னப் பாத்து என்ன சொன்னா தெரியுமா," என்று தொடங்கினாள்.